றெஜிஸ் போட்ட வாக்கு

இமெல்டா அக்காவிடம் போய் வெளியே மழை பெய்கிறது என்று சொன்னாலும், யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். ஜேர்மனியில், எசன் நகரத்தில் நாங்கள் ஒரே கட்டிடம். அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. வேலையும் ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மனுசியோடு படியேறி இறங்குகிறேன். ஆனாலும் நான் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி போட்டேன் என்று இன்றைக்கும் விசாரித்துவிட்டுத்தான் குடிப்பார்.

பால் பெட்டியில் திகதி அடித்திருக்கும். அக்கா திகதியையும் பார்ப்பார், மணந்தும் பார்ப்பார். அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார். பிறகு அதே கடிதத்தை என் மகள் சுஜானியிடம் தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். தாயும் மகளும் ஒரே கதையைத்தான் சொல்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, வரச்சொன்ன நேரம், டெர்மின், பத்து மணிக்கு எண்டு போட்டிருக்கு. இதில நான் என்னத்தை ஒளிக்கிறது?"

"உம்மைச் சொல்லேல்லை பத்மா. கடிதத்தைத்தான் சொல்லுறன்" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மனுசியைப் பற்றிக் குறை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது ஒரு மாதம் என் வீட்டு அடுப்பு அவர் பொறுப்பில்தான் எரிந்தது. புருசன் மாரடைப்பில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவரும் மாதா படமும் அவருடைய சந்தேகங்களும்தான் குடியிருந்தன.

அந்தச் சந்தேகம் பிறவியில் வந்தது இல்லை. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் அவர்கள் மூன்று பேர். இமெல்டா அக்கா மூத்தவர். அடுத்தது வெரோனிக்கா, இன்றைக்கும் தாய் வீட்டில் இருக்கிறார். கடைசித் தம்பி றெஜிஸ். வயது வித்தியாசம் அதிகம் என்பதால் அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தார். வேலை என்று வன்னிக்குப் போனவன், பாதை பூட்டுப்பட்டு அங்கேயே அகப்பட்டுப் போனான். யுத்தம் முடிந்த மே மாதத்தில், படையினரிடம் சரணடைந்தவர்களோடு ஒரு பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் எவரும் இல்லை.

அதன்பிறகு கதைகளுக்குக் குறைவில்லை. தெற்கில் ஒரு முகாமில் கண்டார்கள், ஆஸ்பத்திரியில் கண்டார்கள், தேர்தலுக்கு முன்னம் விடப்போகிறார்கள். ஒருநாள் ஒரு ஆண்குரல் தொலைபேசியில் வந்து "அக்கா, நான்தான் றெஜிஸ்" என்றது. நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா அழவில்லை.

"எங்கட வீட்டு நாயின்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

அந்தக் குரல் கொஞ்சம் யோசித்துவிட்டு "ஜிம்மி" என்றது.

"எங்கட வீட்டில நாயே வளர்க்கேல்லை. வையடா போனை."

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கேள்வி கேட்கிற பழக்கம். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, கண்ணால் கண்டதா? காணாமல் போனவர்களுக்காக ஊரிலுள்ள சங்கத்தையும் நம்ப மாட்டார், இங்கே இருக்கிற சங்கத்தையும் நம்ப மாட்டார். பங்குச் சுவாமியார் ஆறுதல் சொன்னால்கூட, இவர் ஏன் எனக்கு இவ்வளவு ஆறுதல் சொல்கிறார் என்று யோசிப்பார். தம்பி இருக்கிறான் என்று சொல்பவரிடமும் ஆதாரம் கேட்பார். இல்லை என்று சொல்பவரிடமும் ஆதாரம் கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஒன்றே ஒன்றை மட்டும் முழுதாக நம்பினார். போன ஜனாதிபதித் தேர்தலில் றெஜிஸ் வாக்குப் போட்டான் என்பதுதான் அது.

நடந்தது இதுதான். ஊரில் காணாமல் போனவர்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டச் சம்மதிக்காத குடும்பங்கள் நிறைய. கிராம அலுவலரான விதானையார் வீட்டுக்கு வந்து பெயர்ப் பதியும்போது "வெளியில வேலை, வருவான்" என்று சொல்லிவிடுவார்கள். வெரோனிக்காவும் அப்படித்தான் தம்பியின் பெயரைக் காப்பாற்றி வந்தார். போன தேர்தலன்று பக்கத்து வீட்டுப் பிறின்சி பின்னேரமாக வாக்குப் போடப் போயிருக்கிறாள். இடாப்பை வைத்து, வாக்குப் போட்டவர்களின் பெயருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த கட்சி ஏஜன்ட் வேறு ஊர்க்காரன். "உங்கட பக்கத்து வீட்டில எல்லாரும் போட்டாச்சு. றெஜிஸ் எண்டவரும் காலமையே போட்டிட்டார். நீங்கள்தான் பிந்தினியள்" என்று சொல்லியிருக்கிறான். பிறின்சி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எசனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

கள்ள வோட்டு என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி, ஊரில் இல்லாதவனின் வாக்கை யாராவது போட்டுவிட்டுப் போவார்கள். வெரோனிக்காவும் அதையே சொன்னார். அக்கா கேட்கவில்லை. "அடையாள அட்டை, ஐ.சி. காட்டாமல் ஆரையும் உள்ளுக்கு விடாயினம். அவன் எங்கயோ ஒளிச்சு இருக்கிறான். பயத்தில வீட்டுக்கு வரேல்லை. வோட்டுப் போட்டு, நான் இருக்கிறன் எண்டு சொல்லிட்டுப் போயிருக்கிறான்" என்றார். பிறின்சி சொன்னதில் ஒரு விசயத்தை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. "அது என்னோட இருக்கட்டும். நாளைக்கு ஆராவது வந்து கதை விட்டால் கேட்டுப் பிடிக்கலாம்" என்றார். ஐந்து வருடம் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல் வைத்திருந்தார்.

அக்கா ஆளே மாறிப்போனதும் அதன்பிறகுதான். புதுச் சேலை எடுத்தார், தலைக்கு மை பூசினார், வேலையில் பாட்டுக்கூட முணுமுணுத்தார். எனக்கு அது சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிறகு நிதுசன் வந்தான். வெரோனிக்காவின் மகன், இருபத்துமூன்று வயது. முதியோர் பராமரிப்புக்கு இங்கே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்துப் பெரியம்மா வீட்டில் தங்கினான். ஒட்டி உலர்ந்த, வாய் திறவாத பொடியன். வாய் திறவாதவனைக் கண்டால் இமெல்டா அக்கா விடுவாரா? முதல் மாதமே தொடங்கிவிட்டார். இவன் ஏன் என்னுடைய முகத்தைப் பார்த்துக் கதைக்கிறான் இல்லை? ஏன் தாயோடு கதைக்கும்போது படிக்கட்டுக்கு இறங்கிப் போகிறான்?

இந்தமுறைத் தேர்தல் அறிவித்ததும் எசனே இரண்டுபட்டது. தமிழருக்குப் பொதுவாக ஒருவர் என்று சிலர், பகிஷ்கரிப்பு என்று சிலர், மாற்றம் வரப்போகிறது என்று சிலர். இங்கே ஒருவருக்கும் வாக்கில்லை, ஆனால் வாய் இருக்கிறது. எங்கள் தமிழர் ஒன்றியத் தலைவர் மகேந்திரராஜா அண்ணை மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தார். "இந்தமுறை வாறவர் காணாமல் போன ஆக்களின்ர விவரத்தை வெளியில விடுவார். எனக்குத் திடமான தகவல்" என்று மேசையில் குத்திச் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழும்பினார். "அண்ணை, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கொழும்பில பெரிய இடத்து ஆள், தங்கச்சி."

"அவருக்கு ஆர் சொன்னது?"

மகேந்திரராஜா அண்ணை தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருக்கு அந்த வேட்பாளர்கள் ஒருவரும் பொருட்டில்லை. தேர்தல் நாள்தான் பொருட்டு. போனமுறை வந்தவன் இந்தமுறையும் வருவான். இந்தமுறை பார்ப்பதற்கு ஆள் போடவேண்டும்.

பிறின்சியைப் பிடித்தார். வாக்குச்சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். காலையில் திறந்ததிலிருந்து பின்னேரம் பூட்டும்வரை பிறின்சி எதிர்ப்பக்கத்து மதிலோடு நிற்க வேண்டும். றெஜிசைக் கண்டால் கிட்டப் போகக் கூடாது, பயந்து ஓடிவிடுவான். போனை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டும், அக்கா இங்கிருந்து பார்ப்பார். வேலையிடத்தில் அன்றைக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டார். லீவே எடுக்காத மனுசி லீவு கேட்டதும் எங்கள் சமையலறைத் தலைவி பயந்து, ஏதும் வருத்தமோ என்று என்னைக் கேட்டாள்.

நிதுசனின் போக்கும் அந்த வாரம்தான் மோசமானது. தேர்தல் என்ற சொல் வந்தால் போதும், "குப்பை கொட்டிட்டு வாறன் பெரியம்மா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். வெறும் வாளியோடு இறங்கியதை நானே கண்டேன். அக்கா என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ரகசியம் பேசினார்.

"பத்மா, இவனுக்கு எல்லாம் தெரியும். றெஜிஸ் இவனோடதான் தொடர்பில இருக்கிறான். எனக்குச் சொல்லாதை எண்டு சொல்லியிருக்கிறான்."

"சும்மா இருங்கோ அக்கா. பொடியன் ஒரு பெட்டையோட கதைக்கிறானாக்கும்."

"பெட்டையோட கதைக்கிறவன்ர முகம் இப்பிடியோ இருக்கும்? நீர் நல்லாப் பாரும்."

பார்த்தேன். காதலிக்கிறவன் முகமாக அது இல்லைதான். அடுத்தநாள் படிக்கட்டில் அவன் போனில் கதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டென்று நிறுத்தினான். "அவவுக்குச் சொல்ல வேண்டாம் அம்மா" என்று கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. இமெல்டா அக்காவின் நோய் எனக்கும் தொற்றியது. அன்று முழுக்க வேலையில் உருளைக்கிழங்கு சீவியபடி, அக்கா சொல்வது உண்மையாக இருக்குமோ, அந்தத் தம்பி எங்கேயாவது உயிரோடு இருக்கிறானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை.

தேர்தலுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்ததும் அக்கா என்னை மேலே கூப்பிட்டார். ஊரோடு வீடியோவில் கதைக்கப் போகிறாராம், சாட்சிக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. நிதுசன் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அங்கே இருட்டிவிட்டது. போனில் வெரோனிக்காவின் முகம் மின்குமிழ் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது.

"வெரோ, நாளைக்குப் பிறின்சி பள்ளிக்கூடத்தடியில நிப்பாள். பின்னேரம் வரைக்கும் நிப்பாள். நீ வீட்டுக் கதவைப் பூட்டாதை. சோறும் ஒரு குழம்பும் வைச்சு மூடி வை. வந்தாலும் வருவான்."

வெரோனிக்கா போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கேக்குதோடி?"

"அக்கா, பிறின்சியை மறியுங்கோ. அந்தப் பிள்ளை வெயிலுக்க நிண்டு காயும்."

"ஏன் மறிக்கோணும்?"

"நாளைக்கு ஒருத்தரும் வராயினம், அக்கா."

"உனக்கு ஆர் சொன்னது?"

அந்தப் பக்கம் வெரோனிக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "போனமுறை வந்து வோட்டுப் போட்டவன் உங்கதான் நிக்கிறான் அக்கா. உங்கட வீட்டில."

இமெல்டா அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். வாசலைப் பார்த்தார். படுக்கையறைக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது, றெஜிஸ் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரப்போகிறான் என்றுதான் நானும் ஒரு கணம் நினைத்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இருவரும் குசினிப் பக்கம் திரும்பினோம். நிதுசன் குழாயைப் பூட்டாமல், கையில் கோப்பையோடு எங்களைப் பார்த்தபடி நின்றான்.

வெரோனிக்கா போனில் சொல்லிக்கொண்டே போனார். வாக்குப் போடாதவர்களின் பெயரை அடுத்தமுறை வெட்டிவிடுவார்கள் என்று அப்போது ஊரில் ஒரு கதை உலாவியது. பெயரை வெட்டினால் தம்பி இல்லையென்று தாங்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். மகன் மாமனை உரித்து வைத்ததுபோல் இருந்தான். அனுப்பிவிட்டார். பிறகு அக்கா பட்ட சந்தோசத்தைப் பார்த்ததும் வாய் திறக்க முடியவில்லை. நாட்கள் போகப்போக இன்னும் முடியவில்லை.

இமெல்டா அக்கா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு இதுவும் ஒரு கதைதான். தன்னை அடக்கி வைக்கத் தாயும் மகனும் சோடித்த கதை. நிதுசனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆரின்ர ஐ.சி. காட்டினனீ?"

"மாமாவின்ர பழசு, பெரியம்மா."

"அது துலைஞ்சு போச்சு. அவன் புதுசு எடுத்தவன்."

"ஓம். புதுசு எடுத்தாப் பிறகு பழசு அலுமாரிக்குப் பின்னால கிடந்து எடுத்தது. அம்மம்மா வைச்சிருந்தவ."

"அவன்ர வயசென்ன, உன்ர வயசென்ன? எப்பிடி விட்டவை?"

"படத்தில மாமா சின்னப் பொடியன்தானே. அங்க ஐ.சி. பாக்கிற மிஸ் படத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, சரி எண்டிட்டா." அவன் கோப்பையைத் தொட்டிக்குள் வைத்தான். "மாமாவின்ர முழுப் பேரையும் பெலத்துக் கூப்பிட்டினம், பெரியம்மா. நான், ஓம், நான்தான் எண்டு சொன்னன்."

ஆனாலும் அக்கா விடவில்லை. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பிள்ளை பிழையாகப் பதில் சொல்லவேண்டுமென்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். ஒன்றே ஒன்று பிழைத்தாலும் போதும், றெஜிஸ் தப்பிவிடுவான்.

"கையில என்ன வைச்சிருந்தனீ?"

நிதுசன் விளங்காமல் பார்த்தான். "எப்ப?"

"வோட்டுப் போடேக்க. கையில என்ன கிடந்தது?"

இதுதான் அந்த ஒளித்து வைத்த விசயம் என்று எனக்கு அப்போது விளங்கியது. பொடியன் யோசித்தான்.

"பாண்" என்றான். "ஆரும் மறிச்சுக் கேட்டால் பேக்கரிக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லச் சொல்லி, அம்மா முதல் பாண் வாங்க விட்டவ. கக்கத்துக்க வைச்சுக்கொண்டுதான் உள்ளுக்குப் போனனான்."

இமெல்டா அக்கா அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். போன தேர்தலன்று அந்த ஏஜன்டிடம், ஆள் எப்படி இருந்தான் என்று பிறின்சி கேட்டிருக்கிறாள். "முகத்தை எங்க பாத்தன், கக்கத்தில பாண் ஒண்டு வைச்சிருந்தார்" என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்தப் பாணைத்தான் அக்கா ஐந்து வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். ஒளித்து இருக்கிற இடத்தில் தம்பிக்குச் சாப்பாடு கிடைக்கிறது, பாணாவது வாங்கித் தின்கிறான் என்று நினைத்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். றெஜிசுக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை. ஆனால் என் சொந்தத் தம்பி செத்ததுபோல்தான் இருந்தது.

அக்கா தலையை நிமிர்த்தினார். "ஆருக்குப் போட்டனீ?"

நிதுசன் நிலத்தில் அவருக்கு முன்னால் குந்தினான். "ஒருத்தருக்கும் போடேல்லை பெரியம்மா. அம்மா சொல்லி விட்டவ, பேரை வெட்டாமல் இருக்கத்தான் போறாய், வோட்டு மாமாவின்ர, அவர் ஆருக்குப் போடுவார் எண்டு எங்களுக்குத் தெரியாது, வெறுஞ்சீட்டை மடிச்சுப் போட்டிட்டு வா எண்டு. புள்ளடி போடாமல் மடிச்சுப் போட்டனான்."

யார் சொன்னது என்று அக்கா கேட்கவில்லை. அவனுடைய ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தேர்தல் முடிவு வாசிக்கும்போது நிராகரிக்கப்பட்ட வாக்குகள் என்று ஒரு எண்ணிக்கை சொல்வார்களே, போனமுறை யாழ்ப்பாணத்துக் கணக்கில் அதற்குள் றெஜிசின் ஒன்றும் இருந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் யார் வென்றது என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன் மேசையில் இன்னும் வெளிச்சம் போகாமல் கிடந்தது. அக்கா கையை நீட்டினார், எடுத்துக் கொடுத்தேன்.

"வெரோ."

"சொல்லுங்கோ அக்கா."

"நாளைக்கும் அவன்ர பேர் இடாப்பில இருக்கோ?"

"இருக்கு."

"ஆரும் போகவேண்டாம். அவன்ர பேரில ஆரும் போகவேண்டாம். பிறின்சிக்கு நான் சொல்லுறன்." போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "நீ காலமை போய் உன்ர வோட்டைப் போட்டிட்டு வா. வந்த உடன எனக்கு எடு. ரெண்டு பேருமா இருந்து அழுவம். நாங்கள் இன்னும் அவனுக்கு அழேல்லையடி."

வெரோனிக்கா அங்கே அழத் தொடங்கிவிட்டார். நாளை என்று சொன்ன அக்காவும் நாளைவரை பொறுக்கவில்லை.